ஒன் மோர், அக்கா

தெருவில் அவனுக்குப் பேரே டைரக்டர்தான். பாதி மரியாதை, மீதி கிண்டல். சொந்தமாக எடுத்தது ரெண்டு படம். ரெண்டையும் ஒரு தியேட்டரும் சீந்தவில்லை. பட்டும் புத்தி வரவேண்டாமா? கல்யாண வீடியோ எடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டே மூன்றாவதை ஆரம்பித்தான்.

நடிக்க ஆளுக்கு எங்கே போவது? தையல் கடை வைத்திருந்த அக்காவையே பிடித்து இழுத்துவந்தான். மகன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். அம்மா வாசலில் நின்று வழியனுப்புகிறாள். அதுதான் கடைசிக் காட்சி.

"ஃபோட்டோவுக்கே எனக்குச் சிரிக்க வராதுடா," என்றாள் அக்கா.

"சும்மா வாயை அசைச்சா போதும். குரலை அப்புறம் டப்பிங்ல சேர்த்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு, நான் கட் சொல்ற வரைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது."

எதிர் மாடியில் கேமராவை வைத்து எடுத்தான். அக்காவின் முகம் வேர்த்தது, உதடு நடுங்கியது, கண் நேராக இவனையே பார்த்தது. அடேயப்பா, இவளுக்குள் இப்படி ஒரு நடிகையா! தலைகால் புரியாமல் கீழே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். பார்த்தவர்களெல்லாம் அந்தக் காட்சி ஒன்றே படத்தைக் கரைசேர்க்கும் என்றார்கள்.

ஆறு மாதம் கழித்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கிய சின்ன அறையில் டப்பிங் நடந்தது. அக்கா மைக் முன்னால் நின்று, "போய்ட்டு வாப்பா, நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். திரையில் அசைந்த உதட்டோடு ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"சார், அவங்க வேற என்னமோ பேசறாங்க," என்றார் சவுண்டுக்காரர்.

மெதுவாக ஓட்டச் சொன்னான். கூடப் பிறந்தவளின் வாய் அவனுக்குத் தெரியாதா? 'கட் சொல்லுடா. நெஞ்சு வலிக்குது. கட் சொல்லுடா.'

படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா... ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"எங்கடா சொல்ல விட்ட? ஓடி வந்து 'பின்னிட்டேக்கா'ன்னு அழுத. நானும் உக்காந்து தண்ணி குடிச்சேன், சரியாப் போச்சு. நீ ஒன் மோர்னு சொன்ன. எழுந்து நின்னேன்."

அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் அவனை வெளியே கூப்பிட்டார். அன்றைக்கு வந்தது மாரடைப்புதான், இதயத்தில் ஒரு பகுதி செத்தே போயிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நினைச்சு அந்தச் சீனைத் தூக்கிடாதேடா. உன் இத்தனை வருஷப் பாடு."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடப்பாவி, ஆட்டோவில் அவள் இவன் தோளில் சாய்ந்து வந்தபோதே, அந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம், முகம் மட்டும் போதும் என்று அவன் முடிவு செய்திருந்தான்.