தூளிக் கயிறும் சுழலும் ஸ்பீக்கரும்

ராயபுரத்தில் எங்கள் மாதா கோவிலின் மேல்மாடத்தில் ஒரு பழைய ஆர்கன் இருக்கிறது. அதன் பக்கத்தில் அலமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி. உள்ளே ஸ்பீக்கரின் வாயில் ஒரு குழல் சுற்றும். டேபிள் ஃபேன் முன்னால் "ஆ" என்று கத்தினால் குரல் உதறுமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான். காணிக்கைப் பாடலின் கடைசிச் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது குழல் மெல்ல வேகமெடுக்கும். சிறுவயதிலிருந்தே அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உப்புக்காற்றில் பெட்டியின் மோட்டாரோடு ஸ்பீக்கரும் போய்விட்டது. பெட்டி இல்லாவிட்டால் ஆர்கனுக்கு வாயே இல்லை. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. பாடற்குழுவை நடத்தும் அக்காதான் ஆர்கனும் வாசிப்பவர். எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"பொட்டி சுத்தல. வெளிய இருந்து கீபோர்டுக்கு ஒருத்தர கூட்டினு வரலாம்னு கீறேன். அவரு வந்துட்டா கிட்டாரு வேலையும் அவரே பாத்துக்குவாரு."

கிட்டார் என்றால் நான். பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்து அது இரண்டாவது ஞாயிறு.

"அந்தச் சத்தத்த கிட்டார்லயே கொண்டு வரலாங்க்கா," என்றேன்.

"வருமா?"

"வரும்க்கா."

"கடைசி ஒத்திக வரிக்கும் பாக்குறேன். வரலனா அவருக்கு போன் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்ச தூக்கி வெச்சிக்காத."

கல்லூரி நாட்களில் வாங்கிய, கிட்டார் ஒலியை மாற்றும் மூன்று பெடல்கள் காலடிப்பேட்டை வீட்டுப் பரணில் இருந்தன. ஒன்று ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும். இரண்டாவது சுருதியை அலையவைக்கும். மூன்றாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்த வரிசையில் கோத்து, பின்னிரண்டின் வேகத்தையும் சற்று வேறுபடுத்தி வைத்தால் குழல் சுற்றுவதுபோலக் கேட்டது. ஆனால் வாசித்துக்கொண்டே வேகத்தை ஏற்ற வேண்டும். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது கால்தான்.

குழந்தைக்கு ஒன்பது மாதம். தூளியில் படுத்தால் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தூளிக் கயிற்றை இடதுகால் விரல்களுக்கிடையில் பிடித்து ஆட்டியபடி வெங்காயம் அரிவேன், துணி மடிப்பேன். அந்த விரல்கள் பெடலின் வேகக் குமிழைத் திருப்பாதா என்று தோன்றியது. குமிழ் சிறியதாக இருந்ததால் காலியான காய்ச்சல் மருந்து பாட்டிலின் மூடியை அதன்மேல் ஒட்டினேன். இடதுகாலில் கொஞ்ச நேரம் கயிறு, கொஞ்ச நேரம் மூடி. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன். இன்னொரு காது குழந்தைக்கு. ஒற்றைக் காதில் கேட்டு அமைக்கும் ஒலி கோவிலில் சரியாக வருமா என்று ஒரு கவலை. குழந்தையைப் போட்டுவிட்டு இதைச் செய்கிறேனே என்று அதைவிடப் பெரிய கவலை.

ஒருநாள் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தண்ணி இல்லாம மோட்டாரு ஓட்ற மாதிரி கீது?"

"கோவிலுக்கு அத்தை."

"சாமி பயந்துடப் போறாரு."

கடைசி ஒத்திகையில் செருப்பைப் படிக்கட்டருகே விட்டுவிட்டு வெறுங்காலோடு மாடத்தில் உட்கார்ந்தேன். விரல்கள் மூடியைப் பிடித்தன. மெல்லத் திருப்பினேன். பல்லவியில் சத்தம் சுழன்று ஏறியது. அக்கா கைப்பையிலிருந்து எடுத்த போனைத் திரும்ப உள்ளே போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீடுவரை யோசித்தேன்.

திருவிழாவன்று கோவில் நிறைந்திருந்தது. மாமியார் குழந்தையோடு கீழே தூணோரம் உட்கார்ந்திருந்தார். காணிக்கைப் பாடலில் இரண்டு சரணங்கள் ஒழுங்காகப் போயின. கடைசியான மூன்றாவதில் பாதி ஆகியிருந்தது, கீழே ஒரு அழுகை கேட்டது. அத்தனை குழந்தைகளுக்கு நடுவிலும் அது என் குழந்தை என்று தெரிந்தது.

நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் அழுகை கேட்டதும் கயிற்றை வேகமாக இழுக்கும் அதே இடதுகால், மூடியை முழுவதும் திருப்பிவிட்டது.

பல்லவிக்கு இரண்டு வரி இருக்கும்போதே கிட்டார் ஒலி சீறிச் சுழன்றது. என் முகம் எரிந்தது. குறைத்தால் இன்னும் அசிங்கமாகும் என்று காலை அப்படியே வைத்தேன். அக்கா ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் உயர்த்தி மொத்தக் குழுவையும் குரலை ஏற்ற வைத்தார். அந்த இரண்டு வரிகளையும் எல்லோரும் உரத்துப் பாடினார்கள். கீழே மக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பூசை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னாத்துக்கு முன்னாடியே ஏத்திட்ட?"

"குழந்தை அழுதுச்சுக்கா. கால் தானா..."

"கொழந்த அழுதா இன்னா, காலா கேட்டுக்கினு கீது?" சிரித்துவிட்டார். "அந்தப் பொட்டி மட்டும் இன்னா, நான் சொன்னப்பவா ஏறும்? மக்கள் நல்லா எடுத்துப் பாடினாங்க. ஞாயித்துக்கெழம ஆறு மணி பூசைக்கு வந்துடு. இதையும் எடுத்தாந்துடு."

"கீபோர்டுக்காரர்?"

"அவரு எதுக்கு?"

கீழே இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அழுகை நின்றிருந்தது. பசிக்குத்தான் அழுதது என்றார் மாமியார். ஆறு மணிப் பூசை என்றால் ஐந்துக்கே கிளம்ப வேண்டும், அதற்கு முன் பால் கொடுத்துவிட வேண்டும். நாலரைக்கு எழுப்பினால் குடிக்குமா? பஸ் ஏறும்வரை அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.