கூக்காலுக்குப் போய்த் திரும்பிய படம்

காலை எட்டரைக்குக் கொடைக்கானலில் கூக்கால் பேருந்து ஏறினேன். மடியில் இரண்டடி உயரத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். மதுரையில் சட்டத்துக்கு மட்டும் எண்ணூற்றைம்பது ரூபாய். படத்தில் இருப்பவள் ராசாத்தி. போன வருடம் பூண்டு எடுப்பு நேரத்தில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தது. முகங்களை எடுப்பதுதான் என் பிழைப்பு. அத்தனையிலும் எனக்குக் கர்வம் உண்டென்றால் அது இந்த ஒன்றில்தான்.

காகிதம் விலகிய மூலையில் நடத்துநர் எட்டிப் பார்த்தார். "பதனமா வச்சுக்கங்கக்கா. சின்ன வயசாத் தெரியுதே" என்று உச்சுக்கொட்டினார். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். கூக்கால் ஏரி கண்ணில் பட்டபோது பத்தரை இருக்கும்.

"வாங்கக்கா! வெள்ளனே கெளம்பிட்டீங்க போல" என்று ராசாத்தி ஓடிவந்தாள். படத்தைப் பார்த்ததும் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் கணவர் கருப்பையாவும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அங்கே காலமான அவருடைய அப்பாவும் அம்மாவும் தனித்தனிச் சட்டத்தில், மாலையோடு. அப்படியே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அந்த மனிதர் முகம் தெளியாவிட்டால் இனி எப்படி இந்த வீட்டுப் படி ஏறுவேன்? நானே தோட்டத்துக்குப் போய்க் கேட்டேன்.

"படம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா உசுரோட இருக்கவங்கள எங்க வீட்டுல ஒத்தையாச் சட்டம் போட்டு மாட்ட மாட்டோங்க. சோடியா, இல்ல பிள்ளைகளோடதான். பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நடத்துநர் ஏன் உச்சுக்கொட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிச்சத்தையும் நிழலையும் பார்த்தவள் அந்தச் சுவரைப் பார்க்கவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

என்னை நானே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்கு வைத்திருக்கும், பத்து எண்ணியதும் தானாகப் படம் எடுக்கும் டைமர் கைகொடுத்தது. நாலு மணிக்குப் பூண்டு மூட்டைமேல் கேமராவை வைத்து, இருவரையும் நிற்கவைத்தேன். பொத்தானை அழுத்திவிட்டு விலகப் போனவளை ராசாத்தி கையைப் பிடித்து நடுவே இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தன எண்ணணுங்க?" என்று கருப்பையா கேட்டு முடிப்பதற்குள் படம் விழுந்துவிட்டது. அவர் வாய் திறந்திருக்கிறது, நாங்கள் இருவரும் சிரிக்கிறோம். திரையில் பார்த்தவர், "இத மாட்டலாங்க" என்று சொல்லித் தானும் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. இரவு மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் பேருந்து வரை ராசாத்தியே அந்தச் சட்டத்தைச் சுமந்து வந்தாள். "தூரப் போட்டுறாதீங்கக்கா. ஒங்க வீட்டுல மாட்டுங்க. ஒத்தையா மட்டும் விட்டுறாதீங்க."

மதுரையில் என் வீட்டுக் கூடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், நானே எடுத்துக்கொண்ட என் படம். புதிதாக வருகிறவர்கள் ராசாத்தியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறேன்.