ஃப்ரீசர் பழத்தில் சத்து இருக்கிறதா என்று சண்டை போட்டபோது

இன்று மாலை எங்கள் மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு எதிர்வீட்டு கவிதா அக்கா வந்திருந்தார். என் இரண்டு வயது மகள் நிலாவுக்காக ஃப்ரீசரிலிருந்து மாம்பழத் துண்டுகளையும் திராட்சையையும் எடுத்து வைத்திருந்தேன்.

"ஐஸ்ல கெடந்த பழத்துல என்னம்மா சத்து இருக்கும்? குழந்தைக்குப் போய் இதைக் குடுக்கறியே!"

"பழுத்ததும் உடனே உறைய வெச்சிடறாங்க அக்கா. சத்து பெருசா குறையாது. நாமளும் சாப்பிடலாம்."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. கூகுளில் தேடிக் காட்டப் போனை எடுத்தேன்.

அப்போதுதான் நிலாவிடமிருந்து சத்தமே இல்லை என்பது உறைத்தது. வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டிருந்தது. முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் அவளைப் பிடுங்கி, மடியில் கவிழ்த்து, முதுகில் ஓங்கித் தட்டினார். மறுபடியும் தட்டினார். திராட்சை தரையில் விழுந்தது. நிலா வீறிட்டு அழுதாள். நான் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சத்து இருக்கட்டும்மா," என்றார் அக்கா. "மொதல்ல நறுக்கிக் குடு."

சத்து விஷயத்தில் நான் சொன்னது சரிதான். ஆனால் அதை இனி அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் வந்து சொல்லுங்கள், டீ போட்டுத் தருகிறேன்.