பக்கத்து இருக்கைக்காரர்

“உனக்கு ரெண்டு மொழி தெரியும்ல?” என்று மச்சினியிடம் ஆரம்பித்தார் அத்தான்.

“தெரியும்.”

“ரெண்டுலயும் நீ பேசறதில்லை. அதனால மிச்சம் நிறைய இருக்கும். எனக்குப் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குடு.”

“எதுக்கு அத்தான்?”

“பஸ் கம்பெனியில புது டிரைவருங்களுக்குப் பயிற்சி குடுக்கிற வேலை இருக்கு. இன்டர்வியூவுல சும்மா கேள்வி கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடுவேன். இவங்க பிரசென்டேஷன் பண்ணச் சொல்றாங்க. முதல் நாள் பாடத்தைத் திரையில படம் காட்டி விளக்கணுமாம்.”

“தினமும் அதைத்தானே பண்றீங்க?”

“உக்காந்துல்ல பண்றேன்! இங்க நின்னு பேசணுமாம்.”

அன்று அவள் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். நிற்பதில் அப்படி என்ன கஷ்டம் என்பது அவளுக்கு அப்போது புரியவில்லை.

அத்தான் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். வாழ்க்கையில் பாதியைப் பக்கத்து இருக்கையிலேயே கழித்தவர். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது. லிஃப்ட் இறங்கும்போது தரையை அழுத்தும். யாராவது வேகமாகப் பாயசம் பரிமாறினாலும் அழுத்தும். அக்கா கோபத்தில் பேசத் தொடங்கினால் இன்னும் பலமாக அழுத்தும். அங்கே மட்டும் ஒருநாளும் பிரேக் பிடித்ததில்லை.

அவர் வேலை பார்க்கும் டிரைவிங் பள்ளியின் முதலாளி வண்டிகளை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அத்தான் நண்பரின் லாரியில் ஏற வேண்டியதுதான். மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டுக்கு வர முடியும். அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுவே எல்லோருக்கும் கலக்கமாக இருந்தது.

ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது. தொலைக்காட்சியில் அவள் செய்த முதல் ஸ்லைடு. பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் அத்தான்.

“வணக்கம்,” என்றார். அதோடு நின்றுவிட்டார்.

“வண்டி ஆஃப் ஆயிடுச்சா?” என்றாள் அக்கா, வெங்காயம் உரித்தபடி.

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?”

“பாரு, என்னைத் திட்டறதுக்கு மட்டும் சாவியே போட வேண்டாம்.”

நான்காவது நாளும் வணக்கத்தைத் தாண்டவில்லை. அலுத்துப்போய் அவள் அருகில் சோபாவில் விழுந்தார். அவள் ஸ்லைடைத் திருத்த அவசரமாக எதையோ தட்டினாள்.

“ஏன் பறக்கிறே? முதல்ல சுத்திலும் பாரு. தோளை இறக்கு. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல,” என்றார் அத்தான். குரலே வேறாக இருந்தது. கால் தரையில் தயாராக இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். “அத்தான், இதையே அங்க பேசுங்க.”

“யார் பக்கத்துல உக்காருவா?”

அவள் மறுபடி ஸ்லைடைத் திருத்தப் போனாள்.

இன்டர்வியூ அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளும் போனாள். வெளியே உட்காரச் சொன்னார்கள். அறைக்குக் கண்ணாடிச் சுவர். எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. உள்ளே மூன்று பேர்: டை கட்டிய ஒரு பெரிய உடம்புக்காரர், கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத ஓர் இளைஞர்.

அத்தானின் வாய் ஒருமுறை திறந்தது. வணக்கமாகத்தான் இருக்கும். பிறகு மூடிக்கொண்டது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தான் திடீரென்று இரண்டு நாற்காலிகளை இழுத்து அருகருகே போட்டார். ஒன்றில் தான் உட்கார்ந்தார். மற்றதைத் தட்டி, டைக்காரரைப் பார்த்துக் கை காட்டினார்.

‘போச்சு,’ என்று நினைத்தாள் அவள்.

டைக்காரர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். அத்தானின் கை முன்னே நீண்டது, வாய் ஓயாமல் அசைந்தது. சற்று நேரத்தில் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். இளைஞர் கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்து, சாலையைக் கடப்பவர்போல் குறுக்கே நடந்தார். அத்தானின் கால் தரையில் அறைந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒரு வாரம் உட்கார்ந்து அவள் செய்த ஸ்லைடுகளில் முதலாவதைத் தாண்டி யாரும் போகவே இல்லை.

“என்ன ஆச்சு?” என்றாள், அத்தான் வெளியே வந்ததும்.

“அந்த டைக்காரர் மூணு தடவை வண்டியை ஆஃப் பண்ணிட்டார்.”

“இல்லாத வண்டியையா?”

“இல்லாததையே ஆஃப் பண்றவர் இருக்கிறதை விட்டுவைப்பாரா?”

“திட்டினீங்களா?”

“எருமைன்னு சொல்ல வந்தேன். பாதியிலேயே பிரேக் போட்டுட்டேன்.”

“வேலை?”

அத்தான் சட்டைக் காலரைத் தளர்த்தினார். “இன்னும் ஒரு கட்டம் இருக்காம். நிஜ வண்டி. ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத ஒரு ஆளை நானே கூட்டிட்டு வந்து, அவங்க முன்னால சொல்லித்தரணும். அதுல தேறினா வேலை.”

“அக்காவை...”

“உங்க அக்கா வந்தா நான்தான் பாடம் கேட்கணும்.” பேருந்து நிறுத்தம் வந்ததும் நின்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“நீ வர்றியா? ஒழுங்கா ஓட்டணும்னு இல்லை, கண்டபடி ஓட்டு. ஆனா நான் சொல்றதுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிட்டு உக்காராதே. புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. பயமா இருந்தா கத்து. வாய்விட்டு என்னைத் திட்டுனாக்கூடப் பரவாயில்லை.”