அத்திம்பேர் கரண்ட் மிச்சம் பிடித்த கதை

எங்கள் அத்திம்பேர் ஜம்புநாதனுக்கு வட்டிக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. கல்கத்தாவில் ஒரு பாங்கில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். டாலிகஞ்சில் ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடி ஃபிளாட்டில் அவரும் என் அக்கா ராஜலக்ஷ்மியும் மட்டும். அந்தக் கட்டடத்தில் யாருக்கு டெபாசிட் முதிர்ந்தாலும் காகிதம் முதலில் அத்திம்பேரின் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால்தான் வரும். அவர் சொன்னால் வேதவாக்கு. அவர் கணக்கு தப்பி நான் பார்த்ததே இல்லை. போன கோடையில்தான் பார்த்தேன்.

மொட்டை மாடிக்குக் கீழே வீடு. வைகாசி மாதம் அங்கே படுத்தால் தோசைக்கல்லில் படுத்த மாதிரி இருக்கும். "ஏ.சி. எல்லாம் சோம்பேறிகளுக்கு" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர், போன கோடையில் வெயில் தாங்காமல் ஒன்று வாங்கிவிட்டார். கீழ் வீட்டு சுப்ரியாவும் அதே கடையில் அதே ஏ.சி. வாங்கினாள். வங்காளியில் அண்ணாவுக்குத் தாதா; ஜம்புதா வாங்கினால் யோசித்துத்தான் வாங்கியிருப்பார் என்று அந்த வங்காளிக் குடும்பத்துக்கு நம்பிக்கை.

முதல் பில் வந்தது. அத்திம்பேர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். யாரோ பெரிய பணக்காரன் வீட்டு பில் தவறி வந்துவிட்டது என்றார். பெயர் என்னவோ அவருடையதுதான்.

அன்றிலிருந்து வீட்டில் கெடுபிடி ஆரம்பம். மத்தியானம் ஃபிரிட்ஜை அணைத்தார், பால் திரிந்தது. டி.வி.யின் சின்ன சிவப்பு விளக்கைக்கூட விடாமல் பிளக்கைப் பிடுங்கினார். கிரைண்டருக்குத் தடை போட்டார். அக்கா ஊறின அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுப்ரியா வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டு வந்தாள். அந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே அத்திம்பேர் அடுத்த பில்லைப் பிரித்தார். முந்தினதைவிட அதிகம்.

இதற்குமேல்தான் அவருக்குப் புத்தி பேதலித்தது என்பேன். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டரைப் போய்ப் பார்த்தாராம். அதில் சின்ன விளக்கு ஒன்று உண்டு, கரண்ட் ஓடினால் மினுக்கும். யோசித்து யோசித்து அது மினுக்கியதாம். அப்படியானால் நம் கரண்டை வேறு யாரோ எடுக்கிறார்கள். மீட்டர் பலகைக்குப் பக்கத்துச் சுவர் யாருடையது? சுப்ரியாவுடையது. தீர்ந்தது விசாரணை.

அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். "மகேசு, ஞாயித்துக்கிழமை ஃபிளாட் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறாராம்டி. சுப்ரியா கரண்ட் திருடறான்னு. அப்புறம் நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? இந்த ஊர்ல எனக்குன்னு வேற யார் இருக்கா?"

நான் இருப்பதும் அதே கல்கத்தாவில்தான், இன்னொரு கோடியில், நியூ டவுனில். அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுருக்கென்று குத்தியது. ஆனால் அவள் சொன்னது நிஜம். அக்காவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நானில்லை, சுப்ரியா.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். மீட்டிங் சாயங்காலம். "என் கண்ணால பார்க்காம நான் நம்ப மாட்டேன் அத்திம்பேர்" என்றேன். அவர் மீட்டருக்கு இறங்கினார். நான் மேலே ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தேன். வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் வீடு குகை மாதிரி இருட்டிவிட்டது.

"இன்னும் மினுக்கறது!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அந்த இருட்டில்தான் எனக்குத் தெரிந்தது. சமையலறை மூலையில் சாமி அலமாரி. அதில் பிள்ளையாருக்கு முன்னால், சிவப்பாக, அமைதியாக ஒரு மின்சார விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அத்திம்பேர் மூச்சு வாங்க மேலே வந்தார். நான் விரலை நீட்டினேன். அவர் பார்த்தார். அக்கா பார்த்தாள்.

"அது சாமி விளக்குடீ" என்றாள் அக்கா. "அதைப் போய் யாராவது அணைப்பாளா?"

தினமும் அதன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற மனுஷருக்கு அது ஸ்விட்சுக் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் அவர் சோர்ந்து உட்கார்ந்தது ஒரு நிமிஷம்தான். "சரி, மினுக்கினது இதனால. பில்? இத்துனூண்டு விளக்கா அவ்வளவு சாப்பிடும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் குழப்பமாக இருந்தது. விடை சாப்பாட்டுக்கு அப்புறம் தானாக வந்தது. அத்திம்பேர் மத்தியானத் தூக்கத்துக்குப் படுக்கையறைக்குப் போனார். தலையணை எடுக்க உள்ளே போனவள் திகைத்துப் போனேன். வெளியே தார் உருகுகிறது. உள்ளே அத்திம்பேர் கழுத்து வரை பஞ்சு ரஜாய் போர்த்திக்கொண்டு, தலையில் காதை மூடும் மங்கி கேப் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அக்கா குளிர் பொறுக்காமல் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு அதன் ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கிறாள். ஏ.சி.யில் பதினாறு என்று எரிகிறது.

"என்ன அத்திம்பேர் இது?"

"கரண்ட் மிச்சம் பண்றேன்" என்றார், பல் கிட்டித்தபடி. "கடைக்காரன் இருபத்தாறுல வெச்சுட்டுப் போனான். முதல் நாளே இருபதுக்கு இறக்கினேன். பில் ஏறித்து, பதினெட்டு ஆக்கினேன். அப்பவும் ஏறித்து. இப்போ பதினாறு. ஃபேன் ரெகுலேட்டரை ஒண்ணுல வெச்சா கம்மியாத்தானே ஓடும்? அதுக்குமேல என்னம்மா பண்ணுவான் மனுஷன்?"

சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த எண் மெஷினின் வேகம் இல்லை, அறையில் இருக்க வேண்டிய சூடு என்றேன். அதைக் குறைக்கக் குறைக்க மெஷின் அதிகமாகப் பாடுபடும். ஜன்னல் வேறு திறந்திருந்தால் கல்கத்தாவையே குளிரவைக்கப் பார்த்து, ஓயாமல் ஓடும். இருபத்தாறில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும்.

அத்திம்பேர் கேட்டுக்கொண்டே இருந்தார். மங்கி கேப்புக்குள் முகம் சுருங்கிப் போயிற்று. "குளிரைப் பொறுத்துண்டது எல்லாம் வீணா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது.

அக்காதான் முதலில் பெருமூச்சு விட்டாள். "அப்போ சாயங்காலம் ஒண்ணும் சொல்ல மாட்டேளே?"

அவர் பதில் சொல்லுமுன் வாசல் மணி அடித்தது. சுப்ரியா. சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள், கையில் மின்சார பில்.

"ஜம்புதா, நீங்கள் ஒருவர்தான் இதற்கு வழி சொல்ல வேண்டும்" என்றாள் வங்காளியில். "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே நாங்களும் பதினாறில்தான் வைத்திருக்கிறோம். அப்படியும் பில் ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் குறைக்கலாம் என்றால் ரிமோட்டில் அதற்குக் கீழே எண்ணே இல்லை. நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?"

இவர் அவளுக்கும் சொல்லிக்கொடுத்த சமாசாரம் எங்களுக்குத் தெரியாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்திம்பேர் மங்கி கேப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் மீட்டிங்கில் பேசவென்று கூட்டிவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

"தப்பு உங்கள் மேல் இல்லை சுப்ரியா" என்றார். "நான் வந்து சரி பண்ணித் தருகிறேன்."

செருப்புக்கூடப் போடாமல் படி இறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். கீழே படுக்கையறையில் சுப்ரியாவின் கணவர் ரஜாய்க்குள் முடங்கியிருந்தார். அவர் தலையிலும் ஒரு மங்கி கேப். ஜம்புதாவைக் கண்டதும் மரியாதையாக எழுந்து உட்கார்ந்து, நடுங்குகிற கையால் ரிமோட்டை நீட்டினார்.

"இன்னும் குறைக்க வேண்டுமா, தாதா?" என்று கேட்டார்.