கொல்லைப்புறத்துக் காட்டுக்கத்தரி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பேன்கார அக்கா என்று பெயர். தலையில் ஊரும் பேன் என்று நினைத்துக்கொண்டு சொறியாதீர்கள். இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற சிலந்திப்பேன். வெறும் கண்ணுக்குத் தூசி. நுண்ணோக்கியில் வைத்தாலோ எட்டுக் காலும் முதுகெல்லாம் மயிருமாக, அடேயப்பா! எங்கே பயிர் வெளுத்தாலும் இலையை உறையில் போட்டு அவளுக்குத்தான் அனுப்புவார்கள். இது இன்ன பேன், வேலியோரத்தில் இன்ன களைச்செடியில் குடியிருந்துவிட்டு வயலுக்குள் ஏறியிருக்கிறது என்று அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆகவில்லை. வேலைக்கு வந்த புதிதில் இரண்டு இடம் வந்தது, தட்டிப் போயிற்று, அப்புறம் கேட்பாரில்லை. மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்குள் நுழைந்ததும் ரேடியோவைப் போடுவாள். பாட்டுக் கேட்க இல்லை. ஒரு மனுஷக் குரல் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் இருந்து, திங்கள் காலையில் பஸ்ஸில் சீட்டு கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அந்தக் கரகரப்பு அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

இந்தப் பேன்களில் ஒரு சங்கடம் உண்டு. பெண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இனம் பிடிபடாது. ஆண் வேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அதன் குறியின் வளைவு தெரியும், இனத்துக்கு இனம் வேறுபடுவது அந்த வளைவுதான். மல்லாந்து விட்டால் போச்சு. ஆணோ உருவத்தில் பெண்ணில் பாதிகூட இருக்காது, அகப்படுவதும் அபூர்வம்.

அவளிடம் ஒரு தகடு இருந்தது. காட்டுக்கத்தரியில் எடுத்த பேன்கள். முதுகு மயிர் ஒவ்வொன்றும் சின்ன மேட்டின்மேல் தடியாக நின்றது. அவள் பார்த்த எந்தப் பேனுக்கும் அப்படி இல்லை. உலகத்தில் யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம். ஆனால் தகட்டில் இருந்தது அத்தனையும் பெண். ஊரெல்லாம் காட்டுக்கத்தரியைத் தேடி இலையைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் சாதாரணப் பேன்தான்.

"என்னக்கா, மாப்பிள்ளை கிடைச்சாரா?" என்று பக்கத்து மேசைக்காரி கேலி பண்ணுவாள்.

"கிடைச்சா உனக்குத்தான் முதல் பத்திரிகை" என்பாள் இவளும்.

கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அம்மா வீட்டுக் கொல்லைப்புறம். அங்கே போக அவளுக்கு முகம் இல்லை. ஏனென்றால் அந்தத் தகட்டுக்கு அவள் இலை பறித்தது அம்மா செத்த அன்றைக்கு.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அழுது ஓய்ந்து, மூச்சு விடலாம் என்று கொல்லைக்குப் போனவள் கண்ணில் வெளுத்த இலை பட்டது. கை தானாகப் பையிலிருந்து உறையை எடுத்துவிட்டது. அம்மாவைத் தூக்கப் போகும் நேரத்தில் அவளைத் தேடி வந்த தம்பி, அவள் குனிந்து இலை பறிப்பதைப் பார்த்தான். "நீயெல்லாம் மனுஷியாக்கா?" என்று கேட்டான். அதோடு பேச்சு அறுந்தது. பல வருஷம்.

இப்போது ஓய்வு பெற நாள் நெருங்கிவிட்டது. நுண்ணோக்கியை விட்டு எழுந்தால் எழுந்ததுதான். அந்தப் பேனுக்குப் பெயர் வைக்காமல் போனால், இத்தனை காலம் இருந்ததற்கு என்ன அடையாளம்? வெட்கத்தை விட்டுத் தம்பிக்கு ஃபோன் போட்டாள். செடி என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் பழைய புண் கிளறும் என்று பயம்.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமாடா?"

 "வாக்கா. இதென்ன கேள்வி, வா" என்றான். குரல் உடைந்திருந்தது.

போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பக்கத்துச் சந்து வழியாக நேரே கொல்லைக்கு நடந்தாள். அங்கே செடியும் இல்லை, மண்ணும் இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை சிமென்ட் தளம். நடுவில் இரண்டு நாற்காலி.

"எப்படிக்கா இருக்கு?" பின்னாலேயே வந்த தம்பிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "காடா கிடந்துது. முள்ளு வேற. நீ வர்றேன்னதும் ஆளைக் கூப்பிட்டு வேரோட பிடுங்கிக் கொளுத்திட்டேன். அன்னைக்கு அவசரப்பட்டுப் பேசிட்டேன்க்கா. இனி நீ வந்தா நாம ரெண்டு பேரும் இங்க உட்கார்ந்து பேசலாம்னு."

 அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மடியில் இருந்த பை சரிந்து இலை போடும் உறைகள் தளத்தில் விழுந்தன. தம்பி குனிந்து பொறுக்கினான். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அந்த உறையைத் தெரியாதா என்ன?

"செடிக்காகத்தான் வந்தியா?"

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். "ஆமாடா" என்று வந்துவிட்டது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உறைகளை ஒழுங்காக அடுக்கி அவள் மடியில் வைத்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலி போட்டுக் காப்பாத்தியிருப்பேனே. சரி, செடி இருந்திருந்தா? பறிச்சுக்கிட்டு உள்ள வந்திருப்பியா? ஒரு வாய் சாப்பிட்டிருப்பியா?"

உள்ளே தம்பி மனைவி அவளுக்காகச் சமைக்கும் சத்தம் கேட்டது. தலையை ஆட்டினாலே போதும், அவன் நம்பியிருப்பான்.

"மத்தியான பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்டா" என்றாள்.

 தம்பி எதிரே இருந்த நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. வெயில் ஏறுகிறவரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.