கொசுறாக வந்த கேத்தல்

எங்கள் வீட்டில் ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். தூக்கினால் கீழே வைக்க இந்தத் தாத்தாவுக்கு மனசே வராது. ஆனால் இது அவளைப் பெற்ற என் மருமகள் லோஜினியின் கதை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு தாயின் மகள் அவள். சட்டம் படித்தாள். கடையில் சாமான் வாங்குகிறவர்களைக் காப்பாற்றும் சட்டத்தைப் பற்றி இப்போது கொழும்பு கெம்பஸுக்கு ஆராய்ச்சி எழுதுகிறாள்.

பிள்ளை பிறந்ததும் என் மகன் பிரதாப் டவுனில் சோமசுந்தரம் முதலாளி கடையில் பால்மா வாங்கினான். இரண்டு பெட்டி எடுத்தால் ஒரு கரண்ட் கேத்தல் கொசுறு. ஒருநாள் லோஜினி சுடுதண்ணீர் வைக்கும்போது அதன் பிடி உருகித் தீப்பொறி பறந்தது. வலது கை வெந்துபோனது. இடது கையில் பிள்ளை இருந்தாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முக்கால்வாசி வீட்டில் அதே கேத்தல்தான். எடுத்துச் சொன்னாள், யாரும் கேட்கவில்லை. கடையிலும் கொடுப்பதை நிறுத்தவில்லை. அதனால்தான் நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதினாள்.

நுவரெலியாவில் விசாரணை. பால் குடிக்கிற பிள்ளை என்பதால் நானும் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலாளி பெரிய வக்கீலோடு வந்திருந்தார். முறைப்பாட்டில் அவள் ‘கொசுறு’ என்று எழுதியதை யாரோ சிங்களத்தில் ‘பரிசு’ என்று மாற்றியிருந்தார்கள். பரிசு விற்பனை ஆகாது, இதில் தாங்கள் தலையிட முடியாது என்று சொல்லி அதிகாரி ஃபைலை மூடப் போனார். அன்றைக்கும் எத்தனை வீட்டில் அந்தக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்ததோ.

லோஜினி எழுந்து, முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றாள். அந்த நேரம் பார்த்துப் பேத்தி சிணுங்கினாள். தட்டிக்கொடுத்தபடி நின்றேன்.

“மொதலாளி, எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் வாங்காம வந்து கேட்டிருந்தா, கேத்தல குடுத்திருப்பீங்களா?”

வக்கீல் அவர் கையைத் தொட்டார். அதற்குள் முதலாளி சிரித்துவிட்டார்.

“நல்லா கேட்ட போ. சும்மா வர்றவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா, நான் கடைய மூடிட்டு ஒங்க அம்மாவோட கொழுந்தெடுக்கத்தான் வரணும்.”

லோஜினி சிரிக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் அதிகாரியிடம் சொன்னாள், அம்மாவைப் பற்றிய குத்தலையும் சேர்த்து. வாங்கினவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அது பரிசில்லை, வாங்கினதில் ஒரு பங்கு என்றாள். அதிகாரி முதலாளியைப் பார்த்தார். அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் குனிந்துகொண்டார்.

கேத்தல்களை எல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லி உத்தரவானது.

மறுநாள் லயத்துக்குக் கடை வேன் வந்தது. எங்கள் சனம் வாழ்த்தவா செய்தது? “ஓசியா வந்ததையும் புடுங்கிட்டா, படிச்சவ” என்று பக்கத்து வீட்டு ரூபிகா வாசலிலிருந்தே ஏசினாள். லோஜினி வேன் பக்கத்திலேயே நின்றாள்.

“ஏசட்டும் மாமா,” என்றாள் என்னிடம். “ஏசிக்கிட்டே கொண்டாந்து குடுக்கிறாங்கல்ல.”